உப்புத் தண்ணீரும் கடினநீரும்: குமரி வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் பல வீடுகளுக்கு இரண்டு விதமான தண்ணீர் வருகிறது. முக்கடல் அணையிலிருந்து குழாயில் வருவது மலையில் பெய்த மழை. அதில் சுண்ணாம்பு குறைவு, சோப்பு தாராளமாக நுரைக்கும். போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், வருவது நீண்ட காலம் மண்ணிலும் பாறையிலும் கிடந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்ட நீர். குழாய்த் தண்ணீர் போதாத நாளில் மோட்டாரைப் போட்டு இரண்டையும் ஒரே தொட்டியில் நிரப்பிவிடுகிறோம். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். அணைத் தண்ணீருக்கென்று சின்னதாக ஒரு தனித் தொட்டி வைத்து, சமையலறை, கீசர், வாஷிங் மெஷின் மூன்றுக்கும் அதிலிருந்து லைன் எடுங்கள். கழிவறைக்கும் தரை கழுவவும் போர் தண்ணீர் போதும்.

அடுத்தது, நாக்கில் உப்புக் கரித்தால் உடனே 'கடினநீர்' என்று முடிவு கட்டுவது. கடினத்தன்மை என்பது கால்சியமும் மெக்னீசியமும் மட்டும். மணக்குடி, குளச்சல், தேங்காப்பட்டணம் போன்ற கரையோரத்தில் கடல்நீர் கலந்த கிணறு என்றால் சோடியமும் குளோரைடும் மிகுதியாக இருக்கும், கடினத்தன்மையும் கூடவே வரும். அங்கே கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் கருவியை வாங்கி மாட்டுபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது, அவ்வளவுதான். உப்புச் சுவை போகாது, டிடிஎஸ் அளவும் பெரிதாக இறங்காது. டிடிஎஸ் மீட்டரும் கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. அதே மாதிரி, வாளியில் படிவது வெள்ளையாக இல்லாமல் செம்பழுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் இரும்பு. அதற்கான வடிகட்டியே வேறு. இரும்பு உள்ள தண்ணீரை நேராக சாஃப்ட்னரில் விட்டால் உள்ளே கால்சியத்தைப் பிடிக்கும் ரெசின் மணிகள் கெட்டுப்போகும்.

ஆகவே காசு செலவழிக்கும் முன் பரிசோதனை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கலாம். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். இந்தியத் தரக் குறியீட்டின்படி குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். குளோரைடுக்கு இதே கணக்கு 250, 1000. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் கோடையில் ஒரு தடவையும் ஐப்பசி மழை முடிந்து ஒரு தடவையும் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்.

கரையோரத்தில் இருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, தண்ணீர் உப்பாகிவிட்டது என்று போரை இன்னும் ஆழமாக இறக்குவது. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நிலத்தடியில் நல்ல தண்ணீர், அதைவிட அடர்த்தி கூடிய கடல்நீரின் மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அப்படியென்றால் மோட்டார் போட்டு நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கினாலே, காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு நீர் 20 மீட்டர் வரை மேலே ஏற இடம் கொடுக்கிறோம். ஆழம் போகப்போக அந்த உப்பைத்தான் சந்திப்போம். நாம் ஒரு வீட்டில் செய்வது பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கெடுக்கும். பழைய திறந்த கிணற்றை மூடாதீர்கள். மேல்நீரை மட்டும், இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், கூரை மழைநீரை வடிகட்டி அதற்குள்ளேயே விடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகம் முழுக்கக் கட்டாயம். ஆனால் குழாயை மாட்டியதோடு மறந்துபோன வீடுகள்தான் நிறைய.

படிகாரமும் தேற்றாங்கொட்டையும் கலங்கலைத் தெளிய வைக்கும், பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும். எதுவும் கடினத்தன்மையைக் குறைக்காது. கொதிக்க வைத்தால் பைகார்பனேட்டாக இருக்கும் பகுதி மட்டும் அடியில் வெள்ளையாகப் படியும். சல்பேட்டும் குளோரைடும் அப்படியே நிற்கும்.

இதற்கு நேர்மாறாக, அணைத் தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் கரைந்த உப்பை வடிகட்டும் ஆர்ஓ கருவியை மாட்டுவது. தேவையே இல்லை. உள்ளதில் ஒரு பங்கைக் கழிவாகக் கொட்டும் இயந்திரம் அது. டிடிஎஸ் 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது. அங்கே கிருமிக்கு யூவி அல்லது கொதிக்க வைப்பதே போதும்.

கடினநீர் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் என்று பயந்து தண்ணீரையே குறைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தண்ணீர் குறைவாகக் குடிப்பதுதான் கல்லுக்கு உறுதியான காரணங்களில் ஒன்று. கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. தலைமுடி விஷயத்தில், உப்புப் படிந்து முடி சொரசொரப்பாகும் என்பது சரி. ஷவரில் மாட்டும் சின்ன ஃபில்டர்கள் பெரும்பாலும் குளோரினை எடுப்பவை, கால்சியத்தை அல்ல. கடைசியாக ஒரு கப் அணைத் தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ அலசினால் அதைவிட நல்ல பலன்.

கீசரைக் கொதிக்கக் கொதிக்க வைக்க வேண்டாம். சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது படிவு வேகமாகச் சேரும். குழாயில் படிந்த வெள்ளைக்கு வினிகரோ சிட்ரிக் அமிலமோ நனைத்த துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டால் போதும். மார்பிள் தரையில் மட்டும் இவை படக்கூடாது. கழிவறை ஆசிட் ஊற்றினால் குழாயின் மினுமினுப்பும் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டும் போய்விடும். அந்த ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்று போட்ட இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் அங்கே மற்றொன்றைப் போடவே கூடாது.