இயற்கைய வச்சு ஆன்மீகக் குட்டிக்கதை சொல்றது எப்படி? (குளவிகிட்ட நான் பட்ட பாடு)

எங்க தெரு பிள்ளையார் கோயில் மண்டபத்துல ஞாயித்துக்கிழமை காலைல பசங்களுக்கு கதை சொல்ற வேலை ரெண்டு வருஷமா என் தலையில தான். 20 பசங்க, 15 நிமிஷம், கடைசில சுண்டல். எறும்பு, ஆமை, கொக்குன்னு எதையாவது வச்சு ஒரு கதை சொல்லணும், அதுக்குள்ள ஒரு ஆன்மீக விஷயம் இருக்கணும், அவ்ளோதான். கேக்க ஈஸியா இருக்கும், ஒரு வாரம் சொல்லிப் பாருங்க தெரியும். சொதப்பி சொதப்பி நான் கத்துக்கிட்டத ஸ்டெப் ஸ்டெப்பா எழுதுறேன். குரல எப்படி ஏத்தி இறக்கணும், எங்க நிறுத்தணும் அதெல்லாம் எழுதல, அது உங்க வீட்டு பாட்டிகிட்ட கேட்டுக்கோங்க.

ஸ்டெப் 1: பாடத்த முதல்ல எடுக்காதீங்க

"இந்த வாரம் பொறுமை"ன்னு முடிவு பண்ணிட்டு, பொறுமைக்கு எந்த மிருகம் செட் ஆகும்னு கூகுள்ல தேடறது தான் எல்லாரும் பண்றது. நானும் பண்ணேன். அப்படி செஞ்ச கதை அட்வைஸ் வாசனை அடிக்கும், பசங்க மூணாவது நிமிஷத்துல மோப்பம் புடிச்சிருவாங்க. தலைகீழா பண்ணுங்க. மொட்டை மாடியோ கொல்லைப்புறமோ குளக்கரையோ, 10 நிமிஷம் சும்மா உக்காந்து ஒரே ஒரு உயிர பாருங்க, அது என்ன பண்ணுதுன்னு மட்டும் எழுதுங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு அன்னைக்கு எழுதவே எழுதாதீங்க.

மூதுரைல ஔவையார் சொல்றது ஞாபகம் இருக்கா, குளம் வத்துனா பறவைங்க பறந்துரும், கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கயே ஒட்டிக்கிட்டு கெடக்கும், அது மாதிரி கெடக்கறவங்க தான் சொந்தம்னு. அது ரூம்ல ஃபேனுக்கு கீழ உக்காந்து யோசிச்சா வராதுங்க, வத்துன குளத்துக்கிட்ட நின்னு பாத்தா தான் வரும். ஆம்பல் கிழங்கு காஞ்ச சேத்துக்குள்ள அப்படியே கெடந்து மழை வந்ததும் திரும்ப எலை விடும், அத ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா கதை தானா வரும்.

சாமான்னு பாத்தா ஒரு பாக்கெட் டைரி, ஒரு பென்சில், நகை பாக்கறவங்க வச்சிருக்கற 10எக்ஸ் மடக்கு லென்ஸ். போன்ல நோட் எடுக்காதீங்க, போன கைல எடுத்தா வாட்ஸ்அப் வரும், கொக்கு போயிரும். பிபிடி (பவர்பாயிண்ட் ஸ்லைடு) பத்தி என்கிட்ட பேசவே பேசாதீங்க.

ஸ்டெப் 2: நெசமான்னு செக் பண்ணுங்க

இங்க தான் நான் கவுந்தேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

பாகவதம் 11வது ஸ்கந்தத்துல ஒரு அவதூதர் (எல்லாத்தையும் துறந்து திரியற சாமியார்) யது மகாராஜாகிட்ட எனக்கு 24 குருன்னு சொல்லுவாரு, அவர தத்தாத்ரேயர்னு சொல்றது வழக்கம். பூமி, காத்து, கடல், மலைப்பாம்பு, தேனீ, சிலந்தின்னு போகும் அந்த லிஸ்ட். இயற்கைக் கதை சொல்றவங்களுக்கு இதவிட பெரிய சுரங்கம் கெடையாது, வாரம் ஒன்னு எடுத்தாலே அஞ்சு மாசம் ஓடிரும். அதுல குளவியும் ஒரு குரு. குளவி ஒரு புழுவ கூட்டுக்குள்ள அடைச்சு வைக்கும், புழு பயத்துல குளவியையே நெனச்சு நெனச்சு கடைசில குளவியாவே ஆயிரும், அதே மாதிரி மனசு எத நெனச்சுட்டே இருக்கோ அதுவா ஆயிரும்னு கதை. நம்ம ஊர்ல "கொட்டிக் கொட்டி குளவியாக்கும்"பாங்க.

கை காலெல்லாம் ஆட்டி பிரமாதமா சொல்லி முடிச்சேன். முன்னாடி உக்காந்திருந்த ஆறாங்கிளாஸ் பையன் கை தூக்குனான். "ஆன்ட்டி, புழு குளவியா மாறாது. குளவி அங்க முட்டை வச்சிருக்கும், அதோட குட்டி வந்து இந்தப் புழுவ தின்னுரும்." மொத்த மண்டபமும் ஐயோன்னுச்சு. ஒரு பொண்ணு அழுதுட்டா. சுண்டல் வர்ற வரைக்கும் நான் வாயே தெறக்கல.

வீட்டுக்கு வந்து படிச்சுப் பாத்தா அவன் சொன்னது தான் சரி. சின்னப் பானை மாதிரி கூடு கட்டற குளவி புழுவ கொட்டும், ஆனா கொல்லாது, அசைய முடியாம பண்ணிரும், அப்போ தான் சாப்பாடு கெடாம இருக்கும். செவுத்துல மண்ண நீளமா பூசி கட்டறதுல ஒரு வகை புழுவுக்கு பதிலா சிலந்திய அடைக்கும். முட்டையும் சாப்பாடும் உள்ள இருக்க வாய மண்ணால அடைச்சிட்டு போயிரும். குஞ்சு தின்னு வளந்து கூட்ட ஓட்டை போட்டு பறந்து போகும். யோசிச்சுப் பாருங்க, உள்ள போனது புழு, வெளிய வந்தது குளவி, நடுவுல நடந்தது யார் கண்ணுக்கும் தெரியல. லென்ஸ் இல்லாத காலத்துல நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லிருப்பேன்.

(எங்க பாத்ரூம் ஜன்னல்லயே ஒரு கூடு இருந்துச்சு, உடைச்சுப் பாக்கலாம்னா மாமியார் விடல. குளவி கூடு கட்டினா வீட்ல விசேஷம் வருமாம். ஓட்டை விழுந்து அது காலியாகற வரைக்கும் காத்திருந்து தான் எடுத்தேன். விசேஷம் ஒன்னும் வரல.)

அப்போ கதைய தூக்கிப் போடறதா? ரெண்டு வாரம் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் தான் புரிஞ்சுது, இதுக்கு பேரே பிரமர கீட (குளவி, புழு) நியாயம், நியாயம்னா இங்க உவமை, பயாலஜி பாடம் இல்ல. அதனால இப்போ "பெரியவங்க பாத்தப்போ இப்படித் தெரிஞ்சுது"ன்னு ஆரம்பிச்சு, கூட்டுக்குள்ள உண்மைல நடக்கறதையும் ஒளிக்காம சொல்லிடறேன், காலிக் கூட்ட கைல குடுத்து பாக்க விடறேன். அன்னம் பாலையும் தண்ணியையும் பிரிக்கறது, சிப்பிக்குள்ள மழைத்துளி விழுந்து முத்தாகறது எல்லாத்துக்கும் இதே ட்ரீட்மெண்ட் தான்.

ஆனா வாட்ஸ்அப் கழுகு வேற கேஸ். 40 வயசுல மலை உச்சிக்குப் போயி அலக பாறைல மோதி உடைச்சு, நகத்த புடுங்கி, 150 நாள் பட்டினி கெடந்து இன்னும் 30 வருஷம் வாழுமாம். அலகு இல்லாத கழுகு பட்டினில செத்துரும், அலகும் நகமும் வாழ்நாள் முழுக்க வளந்து தேஞ்சுகிட்டே தான் இருக்கும், காட்டுல 20, 30 வருஷம் இருந்தாலே அதுக்கு பெரிய வயசு. இது பழைய நம்பிக்கைன்னு பாவம் பாக்க வேணாம், தூக்கிப் போடுங்க. அதுக்கு பதிலா நெசத்த எடுங்க: கழுகு பழைய எறக மொத்தமா உதுக்காது, கொஞ்சம் கொஞ்சமா உதுத்து புதுசு முளைக்க விடும், அதனால நடுவுல ஒரு நாளும் பறக்கறத நிறுத்த வேண்டியதில்ல. சொல்லுங்க, எது நல்ல கதை?

ஸ்டெப் 3: ஒரு கதைக்கு எதிர்க்கதை கையில இருக்கட்டும்

ஸ்ரீவைஷ்ணவத்துல பக்தன் பெருமாள எப்படி அடையறான்னு சொல்ல குரங்கு, பூனை ரெண்டும் இருக்கு. குரங்குக்குட்டி தான் அம்மா வயித்த கெட்டியா புடிச்சுக்கணும், பூனைக்குட்டி சும்மா கெடந்தா போதும், அம்மாவே கவ்வி தூக்கிட்டுப் போகும். அதுல இருக்கற ரெண்டு பிரிவுல, நம்ம பக்கம் முயற்சி வேணும்னு வடகலைல மொத உவமைய சொல்லுவாங்க, எல்லாம் அவன் பாத்துப்பான்னு தென்கலைல ரெண்டாவத. நான் ரெண்டையும் சொல்லிட்டு நீங்க குரங்கா பூனையான்னு கேப்பேன், மண்டபம் ரெண்டா பிரிஞ்சு சண்டை போடும், 15 நிமிஷம் போனதே தெரியாது.

ஸ்டெப் 4: முடிச்சதும் வாய மூடுங்க

"இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்" வேணவே வேணாம். சர்ச்ல சண்டே ஸ்கூல் எடுக்கற என் ஃப்ரெண்ட் சொன்னது இது: மத்தேயு 13ல இயேசு விதைக்கிறவன் கதைய கூட்டத்துக்கிட்ட சொல்லி, கேக்க காது இருக்கறவன் கேக்கட்டும்னு விட்டுருவாரு, வெளக்கம் அப்புறமா வந்து கேட்ட சீஷர்களுக்குத் தான். நானும் கேட்டாத் தான் சொல்றது.

அப்டேட் 1: அதே மத்தேயு 13ல வர்ற கடுகு விதை உவமைய (குட்டி விதை மரமா வளந்து பறவைங்க வந்து தங்கும்னு வரும்) சொன்னா நம்ம ஊர் கடுகுச்செடில பறவை எப்படிங்க கூடு கட்டும்னு பசங்க கேக்கறாங்கன்னு ஒருத்தர் கமெண்ட் போட்டிருந்தார். அந்த உவமைல வர்றது கருங்கடுகுன்னு தான் நெறைய பேர் சொல்றாங்க, அது ஆள் உயரத்தத் தாண்டி வளரும். நம்ம அஞ்சறைப்பெட்டி கடுகையே ஈரப் பஞ்சுல போட்டு வைங்க, ரெண்டு மூணு நாள்ல முளை விடும், அத காட்டிட்டு ஆரம்பிங்க.

அப்டேட் 2: ஸ்டெப் 3க்கு நெஜ பூனைக்குட்டி கொண்டு போலாமான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. கொண்டு போகாதீங்க. நான் போனேன். அது ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பின்னாடி பூந்துருச்சு, 40 நிமிஷம் வெளிய வரல, சும்மா கெடந்தா அம்மா வந்து தூக்கிட்டுப் போகும்னு சொன்னீங்களே ஆன்ட்டின்னு அதே ஆறாங்கிளாஸ் பையன் கேக்கறான்.