திறந்த பாடவளத்துக்குத் தன்னார்வலர் வேண்டுமா? வேலையை நறுக்கிக் கொடுங்கள்

யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்திப் பகிரவும் கூடிய பாடங்களைத்தான் திறந்த பாடவளம் என்கிறோம். அதற்கு "வாருங்கள், பங்களியுங்கள்" என்று பொதுவாக அழைத்துவிட்டுக் காத்திருந்தால் விருப்பக்குறிகள் விழும், பாடம் ஏறாது. வருகிறவர்களுக்கு ஆர்வம் நிறையவே உண்டு. எதைக் கையில் எடுப்பது என்றுதான் தெரிவதில்லை. கீழே உள்ள படிகள் அதைச் சரிசெய்யத்தான். உங்களிடம் சில பாடங்களும் அவற்றை வைக்க ஒரு தளமும் ஏற்கனவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உரிமம்

முதல் பங்களிப்பு வருவதற்கு முன்பே உரிமத்தை முடிவு செய்யுங்கள். என் தேர்வு, படைப்புகளைப் பகிர்வதற்கான ஆயத்த உரிமங்களில் ஒன்றான கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ (CC BY-SA) 4.0. பெயரைக் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளலாம், மாற்றலாம். மாற்றியதைப் பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர வேண்டும். "வணிகம் கூடாது" என்ற என்சி நிபந்தனையைப் பலர் பாதுகாப்பு என்று நினைத்துச் சேர்க்கிறார்கள். அதைச் சேர்த்தால் படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவின் படங்கள் இருக்கும் களஞ்சியம்) ஏற்ற முடியாது. பை-எஸ்ஏ பாடத்தோடு கலந்து புதுப் பாடமும் செய்ய முடியாது. "மாற்றக் கூடாது" என்ற என்டி நிபந்தனையைச் சேர்த்தால் இன்னும் மோசம்: மொழிபெயர்த்து வெளியிடக்கூட வழியில்லை.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். எழுதியவர் ஒவ்வொருவரிடமும் அவரவர் பகுதிக்குப் பதிப்புரிமை இருக்கிறது; மாற்ற வேண்டுமென்றால் அத்தனை பேரையும் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டும். விக்கிப்பீடியா 2009இல் குனூ தளையறு ஆவண உரிமத்திலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறியபோது, அதற்கு இடம்கொடுக்கவே அந்தப் பழைய உரிமத்தின் 1.3ஆம் பதிப்பை 2008இல் வெளியிட வேண்டியிருந்தது. நமக்காக யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

'அனுப்பு' பொத்தானுக்கு நேர் மேலே இந்த வரியைப் போடுங்கள்: "இது நானே உருவாக்கியது. இதை பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் வெளியிடச் சம்மதிக்கிறேன். என் பெயரை இப்படிக் குறிப்பிடுக: ____". தனிப் பக்கத்தில் விதிமுறை என்று வைத்தால் யாரும் படிப்பதில்லை.

படி 2: மூலக்கோப்பு

பிடிஎஃப் மட்டும் வைத்திருந்தால், உரிமம் அனுமதித்தாலும் திருத்த வழியில்லை. உரைக்கு ஓடிடி (.odt, லிப்ரே ஆஃபிஸ் ஆவணம்) அல்லது விக்கிப் பக்கம், படத்துக்கு எஸ்விஜி (.svg, கோடும் எழுத்தும் தனித்தனியாகத் திருத்தக்கூடிய படக்கோப்பு). படத்திலுள்ள எழுத்தை 'பாதை'யாக, அதாவது வெறும் கோட்டுருவமாக, மாற்றிச் சேமிக்காதீர்கள். அடுத்தவர் ஒரு சொல்லைத் திருத்த மொத்தத்தையும் அழித்து எழுத வேண்டிவரும். எழுத்தை எழுத்தாகவே விட்டு, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருவைப் பயன்படுத்துங்கள்.

படி 3: நறுக்குதல்

பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் முடங்குகின்றன. "ஒளியியல் பாடத்தை மேம்படுத்துக" என்று எழுதினால் யாரும் தொட மாட்டார்கள். எங்கே தொடங்குவது, எப்போது முடிந்தது என்பதை வருகிறவரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனைதான் வேலையிலேயே கடினமான பகுதி. அதை நீங்கள் முன்கூட்டியே முடித்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு சிறு வேலையை விவரிக்கும் குறிப்பை வேலைச்சீட்டு என்கிறேன். நல்ல வேலைச்சீட்டு இப்படி இருக்கும்:

"ஒளி எதிரொளிப்பு, படம் 3. கோணங்கள் ஆடியின் பரப்பிலிருந்து அளந்ததாக வரைந்திருக்கிறது. செங்குத்துக்கோட்டிலிருந்து அளந்ததாக, கோணத்தைக் காட்டும் இரண்டு வளைகோட்டையும் மாற்றி வரைக. இடப்புறம் 'படுகோணம்', வலப்புறம் 'எதிரொளிப்புக் கோணம்' என்று பெயரிடுக. கோப்பு எஸ்விஜி, இன்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் திறக்கும். சுமார் 30 நிமிடம். இரண்டு கோணமும் சமமாக இருந்து, எழுத்து கோட்டின்மேல் ஏறாமல் இருந்தால் முடிந்தது."

இதில் ஐந்து விஷயம் உண்டு: எந்த இடம், என்ன பிழை, என்ன செய்ய வேண்டும், எதில் திறக்க வேண்டும், எப்போது முடிந்ததாகும். கடைசியை விட்டுவிட்டால் வேலை முக்கால்வாசியில் நிற்கும். "இன்னும் சரியாக வரவில்லை" என்று தயங்கி அனுப்பாமலே இருந்துவிடுவார்கள்.

அளவு: எந்தச் சீட்டும் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். மொழிபெயர்ப்பு என்றால் ஒரு துண்டுக்கு 300 சொல் போதும். கூடவே கலைச்சொல் பட்டியல் கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒருவர் 'திசைவேகம்' என்பார், இன்னொருவர் அதையே 'வேகம்' என்பார். இயற்பியலில் இரண்டும் வேறு. ஒரே பாடத்துக்குள் இரண்டும் மாறிமாறி வந்தால் மாணவர்தான் குழம்புவார்.

தொடக்கத்தில் 15 சீட்டாவது தயாராக இருக்கட்டும். மூன்றே மூன்று இருந்தால் முதல்நாளே தீர்ந்து, நான்காவதாக வருகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். பட்டியலுக்கு ஒரு பொது விரிதாள் போதும்: சீட்டு, எடுத்தவர், எடுத்த தேதி, நிலை என்று நான்கு பத்திகள். பணி மேலாண்மைச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை; கணக்குத் திறக்கச் சொன்னவுடனே பாதிப்பேர் போய்விடுவார்கள். நிரலர்கள் கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யப் பயன்படுத்தும் கிட் (Git) நல்ல கருவிதான், ஆனால் நிரலர்கள் அல்லாத ஆசிரியர்களிடம் அதைத் திணிக்காதீர்கள்.

படி 4: கேட்பது

குழுவைப் பார்த்துக் கேட்காமல் ஆளைப் பார்த்துக் கேளுங்கள். "வேதியியல் நடத்துகிறீர்கள், இந்தச் சமன்பாட்டுப் பக்கத்தில் சமன்செய்தது சரியா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். பிழை பார்ப்பது நல்ல நுழைவாயில். புதிதாக எழுதத் தயங்குகிறவர்கள்கூடப் பிழையைச் சுட்டத் தயங்குவதில்லை.

படி 5: முதல் பதில்

முதல் பங்களிப்பு வந்த இரண்டு நாளுக்குள் பதில் போக வேண்டும். எழுத்துப்பிழை, இடைவெளி போன்றவற்றைத் திருப்பி அனுப்பாமல் நீங்களே சரிசெய்து வெளியிடுங்கள். கருத்துப்பிழை மட்டும் பேச வேண்டியது. அதையும் ஒரு தடவையில் ஒன்று. ஒன்பது திருத்தத்தோடு திரும்பிப்போன பக்கம் பெரும்பாலும் திரும்பி வராது. வெளியான பக்கத்தின் இணைப்பை அவருக்கு அனுப்பி, அவர் பெயர் பக்கத்திலேயே தெரிவதையும் காட்டுங்கள். தளத்தின் மூலையில் 'நன்றி' பக்கம் வைத்து எல்லாப் பெயரையும் அங்கே கொட்டுவது போதாது. பெயர் குறிப்பிடுவது உரிமத்தின் நிபந்தனை, நம் பெருந்தன்மை அல்ல.

பின்சேர்க்கை, வாசகர்கள் கேட்டவை

ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்புகிறார்களே? மறுக்காதீர்கள். ஒருங்குறி மாற்றியில் போட்டெடுத்து, கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று கண்ணால் ஒருமுறை பாருங்கள். கெ, கே, கொ, கோ வரிசையில்தான் அதிகம் பிசகும்.

பாடநூல் படத்தை அப்படியே வெட்டி ஒட்டுகிறார்கள். ஏற்காதீர்கள், அதே கருத்தைப் புதிதாக வரைய ஒரு வேலைச்சீட்டு போடுங்கள். அறிவியல் கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அந்த வரைபடத்துக்கு உண்டு.

பணிநேரத்தில் தயாரித்த பாடத்தை ஆசிரியர் தரலாமா? அதன் உரிமை நிறுவனத்திடம் இருக்கக்கூடும். அனுப்பும் முன் பணி ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகமென்றால் எழுத்தில் அனுமதி வாங்கட்டும்.

சீட்டை எடுத்தவர் காணாமல் போனால்? ஏழு நாளில் தானாக விடுபடும் என்று விரிதாளின் தலைப்பிலேயே எழுதுங்கள். ஐந்தாம் நாள் "நேரம் கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடலாம், பரவாயில்லை" என்று ஒரு வரி அனுப்புங்கள். குற்றவுணர்வு இல்லாமல் விட்டவர் வேறொரு சீட்டுக்குத் திரும்பி வருவார்.