லினக்ஸ் போட்டாச்சு, முதலில் எதை நிறுவுவது?

லினக்ஸைப் புதிதாகப் போட்டவர்கள் செய்கிற முதல் வேலை, 'கட்டாயம் வேண்டிய 50 மென்பொருட்கள்' மாதிரி ஏதாவது ஒரு பட்டியலைப் பிடித்து அத்தனையையும் வரிசையாக ஏற்றுவதுதான். நானும் ஏற்றியிருக்கிறேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதில் ஐந்தோ ஆறோதான் கையில் புழங்கும், மீதியெல்லாம் அப்டேட் வரும்போது மட்டும் ஞாபகத்துக்கு வரும். விஎல்சி, லிப்ரே ஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் உங்களுக்கே தெரியும், பல டிஸ்ட்ரோக்களில் (உபுண்டு, மின்ட் மாதிரி லினக்ஸ் வகைகள்) கூடவே வந்துவிடும். அவற்றை விட்டுவிடலாம். மெஷின் மக்கர் செய்கிற நாளில் கைகொடுப்பவற்றை முதலில் போடுங்கள், தீம், ஐகான் எல்லாம் அப்புறம்.

முதலாவது டைம்ஷிஃப்ட். லினக்ஸ் மின்ட்டில் ஏற்கெனவே இருக்கும், உபுண்டு, டெபியன், ஃபெடோராவில் அவற்றின் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும். சிஸ்டம் ஃபைல்கள் இன்று இருக்கிற நிலையை அப்படியே ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைப்பதுதான் இதன் வேலை. திறந்ததும் எந்த முறையில் எடுப்பது, ஆர்சிங்க்கா (ஃபைல்களைக் காப்பி செய்வது), பிடிஆர்எஃப்எஸ்ஸா (அந்தப் பெயருள்ள ஃபைல் சிஸ்டத்தின் சொந்த வசதி) என்று கேட்கும். உங்கள் டிஸ்க் எந்த ஃபைல் சிஸ்டத்தில் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) இருக்கிறது என்று தெரியாவிட்டால் யோசிக்காமல் ஆர்சிங்க்கைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து எங்கே சேமிப்பது என்று கேட்கும்போதுதான் பலர் முழிப்பார்கள். விண்டோஸில் பயன்படுத்திய என்டிஎஃப்எஸ் டிரைவைச் செருகினால் இது ஏற்காது, எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் பார்ட்டிஷன்தான் வேண்டும். பிறகு தினம் ஒன்று, அதில் கடைசி ஐந்தை மட்டும் வைத்துக்கொள் என்று அமைத்தால் போதும். முதல் ஸ்னாப்ஷாட் சில ஜிபி எடுத்துக்கொள்ளும், அதைப் பார்த்துவிட்டு ஐந்தால் பெருக்கிப் பயந்துவிடாதீர்கள். அடுத்தடுத்து எடுப்பவை மாறிய ஃபைல்களை மட்டும் புதிதாக எழுதும், மாறாதவற்றுக்கு ஹார்டு லிங்க் (ஏற்கெனவே உள்ள பிரதியையே சுட்டும் இன்னொரு பெயர்) போட்டுவிட்டுப் போய்விடும்.

இதன் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்த ராத்திரியில்தான். திரை முழுக்கக் கருப்பு, இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பல சமயம் எழுத்துத் திரை ஒன்று வரும், அன்றைக்கும் வந்தது. பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து உள்ளே போய், சூடோ (அட்மின் உரிமையோடு இயக்கும் கட்டளை) போட்டு டைம்ஷிஃப்ட் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடு சேர்த்து ரீஸ்டோர் என்று கொடுத்தேன். ஸ்னாப்ஷாட்கள் தேதிவாரியாக வந்து நின்றன. முந்தின நாளின் எண்ணைத் தட்டினேன், அது கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் படித்துப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். எழுத்துத் திரைகூட வராவிட்டால் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென் டிரைவ்) பூட் செய்து, அங்கே டைம்ஷிஃப்டைத் திறந்து இதையே செய்யலாம்.

ஒன்றை மறக்காதீர்கள், நாமாகச் சேர்க்காதவரை டைம்ஷிஃப்ட் உங்கள் சொந்த ஃபைல்கள் இருக்கிற ஹோம் ஃபோல்டரைத் தொடாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். சிஸ்டத்தை மூன்று நாள் பின்னால் தள்ளும்போது நேற்று எழுதிய கட்டுரையும் சேர்ந்து பின்னால் போனால் யாருக்குச் சந்தோஷம்? ஆகவே போட்டோ, ஆவணங்களுக்குத் தனி பேக்கப் வேண்டும். க்னோம் டெஸ்க்டாப் பக்கம் இருப்பவர்களுக்கு டேஷா டூப் சுலபம், மெனுவில் வெறும் 'பேக்கப்ஸ்' என்றுதான் தெரியும். பீக்கா பேக்கப் என்று இன்னொன்று, உள்ளே போர்க் என்ற பேக்கப் கருவி ஓடுகிறது, ஒரே தரவை இரண்டு முறை சேமிக்காது என்பதால் இடம் மிச்சம். எனக்குப் பிடித்தது பீக்காதான். எதை எடுத்தாலும் வெளி டிரைவில் எடுங்கள். என்கிரிப்ஷன் போட்டால் பாஸ்வேர்டை வேறு எங்காவது குறித்து வையுங்கள், தொலைத்தால் பேக்கப்பும் தொலைந்த கணக்குதான். முதல் பேக்கப் முடிந்ததும் ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சிங்திங் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு கணினிகளுக்கு நடுவே, யாருடைய சர்வரிலும் சேமிக்காமல் ஃபோல்டர்களை ஒன்றுபோல வைத்திருக்க அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், சொன்ன வேலையை அவ்வளவு விசுவாசமாகச் செய்யும். ஃபோல்டர் அமைப்பில் ஃபைல் வெர்ஷனிங் என்று ஒரு பகுதி இருக்கிறது, நாமாகப் போடாவிட்டால் ஓடாது. அதில் டிராஷ் கேனைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு மெஷினிலும். மறுபக்கத்திலிருந்து வருகிற அழிப்புகளைத்தான் அது பிடித்து வைக்கும், நீங்கள் இங்கேயே அழித்ததை இங்கே தேடினால் கிடைக்காது.

மொபைலைக் கணினியோடு சேர்க்க கேடிஇ கனெக்ட். க்னோமில் அதே வேலைக்கு ஜிஎஸ்கனெக்ட் என்ற எக்ஸ்டென்ஷன், இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், ஒன்று போதும். மொபைலும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்தும் மொபைல் கண்ணில் படவில்லையா? பெரும்பாலும் ஃபயர்வால்தான், 1714 முதல் 1764 வரையிலான போர்ட்களை டிசிபி, யூடிபி இரண்டுக்கும் திறந்து விடுங்கள். சரி, ஒரு படம் மட்டும் அனுப்ப வேண்டும் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், லோக்கல்சென்ட் இருக்கிறது.

அடுத்து டிஸ்க் நிறைந்துவிட்டது என்ற புலம்பல். கண்டதை அழிப்பதற்கு முன் டிஸ்க் யூசேஜ் அனலைசரைத் திறந்து பாருங்கள், கேடிஇ டெஸ்க்டாப் என்றால் ஃபைல்லைட். எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று வட்டப் படமாகக் காட்டும், பெரிய துண்டைக் கிளிக் செய்து உள்ளே உள்ளே போகலாம். ஹோமில் புள்ளியில் தொடங்குகிற மறைந்த கேஷ் ஃபோல்டர் ஒன்று பெருத்திருக்கும், அதைக் காலி செய்யலாம், புரோகிராம்கள் வேண்டியதை மறுபடி உருவாக்கிக்கொள்ளும். வார் என்ற ஃபோல்டருக்குள் பிளாட்பேக் (எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடுகிற மாதிரி ஆப்களைத் தரும் முறை) நிறைய இடம் பிடித்திருந்தால் கையால் அழிக்காதீர்கள். ஆப்பை நீக்கினாலும் அதற்காக இறங்கிய ரன்டைம் (ஆப் ஓடத் தேவையான பொது ஃபைல்கள்) சில சமயம் தங்கிவிடும், வேர்ஹவுஸ் மாதிரி ஒரு கருவியாலோ பிளாட்பேக்கின் சொந்தக் கட்டளையாலோதான் அதை எடுக்க வேண்டும். பிளாட்பேக் ஆப் ஒன்று வெளி டிரைவிலுள்ள ஃபைலைப் பார்க்க மாட்டேன் என்று அடம் பிடித்தால் அது பழுதல்ல, அனுமதி இல்லை, அவ்வளவே. பிளாட்சீல் போட்டு அந்த ஆப்புக்கு அனுமதி கொடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஃப்ளேம்ஷாட் என்று எல்லோரும் சொல்வார்கள், நல்லதுதான், ஆனால் வேலண்டில் (திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய முறை) சில சமயம் படுத்தும். க்னோம் 42இலிருந்து பிரின்ட் பட்டனை அழுத்தினாலே படம், வீடியோ இரண்டும் எடுக்கலாம், கேடிஇயில் ஸ்பெக்டக்கிள் இருக்கிறது. பாஸ்வேர்டுகளுக்குக் கீபாஸ்எக்ஸ்சி, எல்லாம் ஒரே ஃபைலில் பூட்டியிருக்கும், அந்த ஃபைலையும் பேக்கப்பில் சேர்த்துவிடுங்கள்.

தவறி அழித்ததை மீட்க போட்டோரெக். பெயரைப் பார்த்துப் படத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், ஆவணங்களையும் தேடும். அழித்தது தெரிந்த நிமிடமே அந்த டிரைவில் எழுதுவதை நிறுத்துங்கள், மீட்பதை வேறு டிரைவில் சேமியுங்கள். பழைய பெயர்கள் வராது, எண்களாகக் குவியும், உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான். மெமரி கார்டு, பென் டிரைவ் என்றால் நம்பிக்கை வைக்கலாம். எஸ்எஸ்டி என்றால், அழித்த இடத்தைக் காலி செய்கிற ட்ரிம் வசதி ஏற்கெனவே துடைத்திருக்கக்கூடும்.

கடைசியாக ஒரு பழைய பென் டிரைவை எடுத்து வென்டாய் போட்டு வையுங்கள். நிறுவும்போது அதிலுள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும், எனவே டிரைவின் கொள்ளளவை இரண்டு முறை பார்த்துவிட்டு ஓகே கொடுங்கள். அதன் பிறகு ஐஎஸ்ஓ ஃபைல்களை (டிஸ்ட்ரோவை நிறுவ இறக்கும் ஃபைல்கள்) சும்மா காப்பி செய்தால் போதும், பூட் செய்யும்போது எது வேண்டும் என்று மெனுவில் காட்டும். என் டிஸ்ட்ரோவின் ஐஎஸ்ஓ, ஜிபார்ட்டெட் லைவ் (பார்ட்டிஷன் மாற்ற), குளோன்சில்லா (டிஸ்கை நகலெடுக்க) மூன்றும் என்னுடையதில் இருக்கின்றன. செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் வசதி) இருக்கிற மெஷினில் முதல் முறை ஒரு கீயைச் சேர்க்கச் சொல்லி நீலத் திரை வரும். அது நள்ளிரவில் மெஷின் படுத்த நேரத்தில் முதல்முறையாக வந்து பயமுறுத்த வேண்டாம், இன்றைக்கே ஒரு தடவை அதில் பூட் செய்து பார்த்துவிட்டு டிராயரில் போடுங்கள்.