ஐகான் சின்னதாகவே இருக்கட்டும், விரலுக்கு இடம் விடுங்கள்

செலவுக் கணக்கு எழுதும் வெப் ஆப் ஒன்றுக்கு டிசைன் செய்தேன். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு பென்சில், பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டி. மானிட்டரில் அம்சமாக இருந்தது. போனில் தொட்டுப் பார்த்த அம்மா, "திருத்தப் போனா அழிஞ்சு போகுதுடா" என்றார்.

ஐகான் 20 பிக்சல். விரல் நுனிக்கு அது போதாது. ஆப்பிள் 44 பாயின்ட் கேட்கிறது, கூகுளின் டிசைன் வழிகாட்டியான மெட்டீரியல் 48 டிபி கேட்கிறது (இரண்டும் வெப்பில் எழுதும் பிக்சல் மாதிரியான அலகுகள்தான்). 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 (எல்லோரும் பயன்படுத்தும்படி வெப் இருக்க வேண்டும் என்கிற வழிகாட்டி) நடு நிலையான ஏஏ-வுக்கு, சில விலக்குகளோடு, 24 பிக்சல் போதும். என் கணக்கில் அது பாஸ் மார்க். நான் 44 வைக்கிறேன்.

படி 1: ஐகானை பட்டன் டேகுக்குள் போடுங்கள். டிவ் என்கிற வெறும் பெட்டி டேகில் கிளிக் வைக்காதீர்கள், கீபோர்டுக்காரர்கள் திட்டுவார்கள்.

படி 2: இடம் தாராளமாக இருந்தால் சிஎஸ்எஸ்-இல் பேடிங் (ஐகானைச் சுற்றி உள் இடைவெளி) 12 பிக்சல் கொடுத்துவிடுங்கள், வேலை முடிந்தது. எனக்கு வரியின் உயரம் கூடக் கூடாது. அதனால் பட்டனுக்கு பொசிஷன் ரிலேட்டிவ் கொடுத்து, அதன் ஆஃப்டர் சூடோ எலிமென்ட்டை, அதாவது சிஎஸ்எஸ் சேர்க்கும் கூடுதல் பெட்டியை (கன்டென்ட் வெறுமையாக இருந்தாலும் எழுதியாக வேண்டும்) ஆப்சல்யூட் ஆக்கி, நாலு பக்கமும் வெளியே நீளும்படி இன்செட் மைனஸ் 12 பிக்சல் வைத்தேன். கண்ணுக்கு 20, விரலுக்கு 44. பெட்டியைப் பட்டனோடு கட்டிவைப்பது ரிலேட்டிவ்தான், அதை மறந்தால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பெட்டி பக்கம் முழுக்கப் படர்ந்துவிடும். எங்கே தொட்டாலும் டெலீட்தான்!

படி 3: நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். பெரிதாக்கிய பிறகும் அழிந்துகொண்டேதான் இருந்தது. இரண்டு ஐகானுக்கும் நடுவே 8 பிக்சல் இடைவெளி. ஒவ்வொன்றும் நடுப்பக்கமாக 12 பிக்சல் நீண்டால் 16 பிக்சல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. ஏறிய இடம் யாருக்கு? எச்டிஎம்எல்-இல் பின்னால் எழுதியவருக்கு, அதாவது குப்பைத்தொட்டிக்கு. பென்சில் படத்தின் வலது ஓரத்து 4 பிக்சலே அதற்குள் போயிருந்தது! அரை நாள் ஜாவாஸ்கிரிப்டைச் சந்தேகப்பட்டேன், பாவம். இடைவெளியை 24 ஆக்கினால் இரண்டு பெட்டியும் ஒட்டி நிற்கும். நான் 32 வைத்தேன்.

ஆஃப்டருக்குத் தற்காலிகமாக மங்கலான சிவப்பு பின்னணி கொடுங்கள், எது எதன்மேல் ஏறுகிறது என்று பளிச்சென்று தெரியும். டிசைன் வரையும் ஃபிக்மாவில் எனக்கு இது தெரியவே இல்லை. டிசைனுக்கு ஃபிக்மாவை விடமாட்டேன், ஆனால் தொடுதலைச் சோதிக்க அதையோ பிரவுசரின் மொபைல் வியூவையோ நம்புவதில்லை. மவுஸ் அம்பின் முனை ஒரே புள்ளி. விரல் அப்படியா? ஸ்கிரீன் கார்டு கீறிய பழைய ஆன்ட்ராய்டு ஒன்று இதற்கென்றே என் மேசையில் கிடக்கிறது. ஒரு கையில் பிடித்து, கட்டைவிரலால் மட்டும் தொடுங்கள்.

பின்சேர்க்கை: "அப்படியே செய்தேன், பெட்டி பெரிதாகவே இல்லை" என்று இருவர் கமென்டில் சொன்னார்கள். இருவருக்கும் ஒரே காரணம். வட்டமுனை வேண்டுமென்று, ஐகான் உட்கார்ந்திருக்கும் கார்டு என்கிற பெரிய பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டிருந்தார்கள். கார்டுக்கு வெளியே நீளும் பகுதியை அது வெட்டிவிடும், தொடுதலும் சேர்ந்தே வெட்டுப்படும். ஐகானைக் கார்டின் ஓரத்திலிருந்து 12 பிக்சல் உள்ளே தள்ளியதும் இருவருக்கும் சரியாகிவிட்டது.