திருச்சபை லத்தீன்: முதல் வாரத்துக்கு ஒரே ஒரு செபம்

கத்தோலிக்க வழிபாட்டில் வழங்கும் லத்தீனைக் கற்கத் தொடங்குகிறீர்களா? இலக்கண நூலை அப்புறம் திறக்கலாம். முதலில் மனப்பாடமாகத் தெரிந்த கர்த்தர் கற்பித்த செபத்தை (‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’) லத்தீனில் எடுங்கள். பொருள் முன்பே தெரியும் என்பதால் பாதி வேலை மிச்சம்.

உச்சரிப்பு ரோமை முறையில்தான், அதாவது திருச்சபையில் வழங்கும் முறையில். ஏ, இ ஒலிகளுக்கு முன் ‘சி’ (c) எழுத்து அழுத்தமான ‘ச்ச’ ஆகும்: ச்சேலிஸ் (caelis, பரலோகத்தில்). பழைய ரோமர் கால முறையைச் சொல்லித்தரும் நூல்களில் இதுவே ‘கைலிஸ்’. இரண்டையும் கலந்தால் பாடகர் குழுவில் தனியாகக் கேட்கும். ‘ஜி’யும் ‘என்’னும் (gn) சேர்ந்தால் ‘ஞ’: ஆஞ்ஞுஸ் தேயி (Agnus Dei, கடவுளின் செம்மறி). ‘தி’யை (ti) அடுத்து உயிர் வந்தால் ‘த்ஸி’: க்ராத்ஸியா (gratia, அருள்). முன்னே ‘ஸ்’ (s) இருந்தால் மாறாது, ஓஸ்தியா (hostia). (நற்கருணை அப்பத்தைச் சொல்லும் நம் ‘ஓஸ்தி’தான்!)

வேற்றுமை தமிழருக்குப் பழகிய சமாச்சாரம். ‘பானெம் ... தா நோபிஸ்’: பானெம், அப்பத்தை, நோபிஸ், எங்களுக்கு, தா என்றால் தா.

பெரிய தவறு, சொல்லின் எழுவாய் வடிவத்தை மட்டும் படிப்பது. ரெக்ஸ் (அரசர்) என்பதோடு ‘ரேஜிஸ்’ (அரசருடைய) என்பதையும் சேர்த்தே படியுங்கள். மற்ற வேற்றுமைகள் அந்த இரண்டாம் வடிவத்தின் அடியிலிருந்தே கிளைக்கின்றன. அகராதியும் இரண்டையும் சேர்த்தே தரும்.