இதய மருந்து ஆய்வு: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

புதிதாக வருபவர்கள் எழுதும் புரோட்டோகால்களை (ஆய்வுத் திட்ட வரைவுகளை) படித்தால், எங்கள் காலத்துச் சொதப்பல்கள் அப்படியே திரும்ப வருகின்றன. குலுக்கல் ஒதுக்கீடு (யார் எந்தக் குழு என்று குலுக்கலில் பிரிப்பது), போலி மாத்திரை, எதிக்ஸ் கமிட்டி எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுவோம்.

மாத்திரையை நிறுத்தியவரை ஆய்விலிருந்தே கழற்றிவிடுவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். "மாத்திரையை நிறுத்தினால் பங்கேற்பாளர் விலக்கப்படுவார்" என்று ஒரு வரி வரைவில் எப்படியோ வந்து உட்கார்ந்துவிடும். நிறுத்துபவர் யார்? ரத்தக்கசிவு வந்தவர், மூச்சு வாங்குபவர், நோய் முற்றியவர். மாரடைப்பு வரும் வாய்ப்பும் பெரும்பாலும் அவருக்குத்தான் அதிகம். அப்புறம் அவருக்கு என்ன ஆனது என்று தெரியாவிட்டால், குலுக்கலால் இரு குழுக்களுக்கும் இடையே கிடைத்த சமநிலை போய்விடும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவரோக்ஸபான் மருந்தை, மாரடைப்பு போன்ற திடீர் இதயப் பாதிப்பு வந்தவர்களிடம் சோதித்த அட்லஸ் ஏசிஎஸ் 2 ஆய்வில் 15,526 பேர். இதய, ரத்தநாள நோயால் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் சேர்ந்த விகிதம் மருந்துக் குழுவில் 8.9%, போலி மாத்திரைக் குழுவில் 10.7%. வித்தியாசம் 2 புள்ளிகூட இல்லை. பாதியில் விலகி, இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் போனவர்கள் அதைவிட அதிகம். 2012ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்தப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் மறுத்ததில் இந்த ஓட்டைக்குப் பெரிய பங்குண்டு. பிறகு ஆளைத் தேடிப் பிடித்துத் தகவல் சேர்த்தும் பயனில்லை.

ஒருமுறை, படிவத்தில் 'விலகினார்' என்று குறித்திருந்த ஒருவரை அழைக்கச் சொன்னேன். "மாத்திரைதான் வேண்டாம்னேன், போன் பண்ணாதீங்கன்னு சொல்லலையே" என்றார். யாரும் அவரிடம் கேட்கவே இல்லை!

ஒப்புதல் படிவத்திலேயே பிரித்து எழுதுங்கள்: மாத்திரை வேண்டாம், நேரில் வரமாட்டேன் ஆனால் போனில் பேசுவேன், குடும்ப டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். சேர்க்கும் அன்றே இரண்டு உறவினர் எண்களையும் வாங்கிவிடுங்கள்.

மரணத்தோடு ஸ்டென்டைச் சேர்த்து எண்ணுவது

மரணம், மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் போதவில்லை என்று நெஞ்சுவலி அட்மிஷனையும் ஸ்டென்டையும் (அடைபட்ட ரத்தக்குழாயில் வைக்கும் வலைக்குழாய்) சேர்ப்பார்கள். கடைசியில் மருந்து குறைத்தது ஸ்டென்டை மட்டுமாக இருக்கும். அது டாக்டர் எடுக்கும் முடிவு. யாருக்கு எந்த மருந்து என்று அவருக்குத் தெரிந்திருந்தால் கதை கந்தல்.

தலையை மட்டும் எண்ணுவது

எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று மட்டும் பார்க்காமல், அவர்களிடம் எத்தனை மாரடைப்பு, மரணம் வரும் என்று நிகழ்வுகளை எண்ணுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் சாப்பிடும் இன்றைய நோயாளிகளிடம் பழைய ஆய்வுகளின் மாரடைப்பு விகிதத்தை எதிர்பார்க்காதீர்கள்.

துணைக்குழுவில் அதிசயம் தேடுவது

மாரடைப்பு வந்தவர்களிடம் ஆஸ்பிரின் மரணத்தைக் குறைக்கும் என்று காட்டிய 1988ஆம் ஆண்டின் ஐசிஸ்-2 ஆய்வையே ராசிவாரியாகப் பிரித்தால், மிதுனத்துக்கும் துலாமுக்கும் பலன் இல்லை. அது வெறும் தற்செயல்; துணைக்குழு முடிவுகளை அப்படியே நம்பாதீர்கள்.