டேம்பான் வச்சா வலிக்குதா, உறுத்துதா? எங்க தப்பு நடக்குதுன்னு ஸ்டெப் ஸ்டெப்பா பாக்கலாம்

டேம்பான்னா பீரியட்ஸ் ரத்தத்த உறிஞ்சறதுக்காக வஜைனாக்குள்ள, அதாவது பிறப்புறுப்புக்குள்ள வைக்கற, ஒரு முனைல நூல் இருக்கற பஞ்சு உருளை. சரியான இடத்துல போய் உட்கார்ந்துட்டா, அது உள்ள இருக்கறதே தெரியாது. நடந்தாலும் தெரியாது, ஸ்கூட்டி ஓட்டினாலும் தெரியாது, குத்தவச்சு உட்கார்ந்தாலும் தெரியாது. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், போகப்போக பழகிடும்"னு பல்ல கடிச்சிக்கிட்டு நாள் பூரா உறுத்தலோட சுத்திட்டு, கடைசில இது நமக்கு செட் ஆகாதுன்னு பாக்கெட்ட பீரோக்குள்ள தூக்கி போட்டுடறாங்க. பொறுத்துக்கிட்டு இருக்க வேண்டிய வலி இல்லங்க இது. வலி எப்ப வருதுன்னு மட்டும் கவனிங்க. உள்ள வைக்கும்போதா, வச்சப்புறம் நடக்கும்போதா, வெளிய எடுக்கும்போதா? மூணுக்கும் காரணம் வேற, சரி பண்ற வழியும் வேற.

வைக்கறதுக்கு முன்னாடி, உள்ள எப்படி இருக்குன்னு கொஞ்சம் தெரிஞ்சிக்கலாம். ஸ்கூல்ல இந்த பாடத்த வீட்ல போய் படிச்சிக்கோங்கன்னு சொல்லித்தான் நமக்கெல்லாம் பழக்கம்! வஜைனா நேரா மேல போற குழாய் கிடையாது, பின்பக்கமா, முதுகோட அடிப்பகுதிய பாத்து சாஞ்சி போகும். நீளம் ஏறக்குறைய 7லேர்ந்து 10 சென்டிமீட்டர். சும்மா இருக்கும்போது ரெண்டு பக்க சுவரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுதான் இருக்கும். வாசல் பக்கத்துல இருக்கற பகுதிலதான் தொட்டா நல்லா உணர்ச்சி தெரியும், இறுக்கிப் பிடிக்கற தசையும் அங்கதான் இருக்கு. அத தாண்டி உள்ள போயிட்டா உணர்ச்சி ரொம்ப கம்மி. அதனாலதான் டேம்பான் பாதி தூரத்துல நின்னா உயிரெடுக்குது, முழுசா உள்ள போனா இருக்கறதே தெரியல. கடைசில கர்ப்பப்பை வாய் இருக்கு, அதோட ஓட்டை ரொம்ப ரொம்ப சின்னது, டேம்பான் அது வழியா வயித்துக்குள்ள போய் தொலைய சான்ஸே இல்ல. ஒண்ணுக்கு போற ஓட்டையும் தனி, அதனால டேம்பான் உள்ள இருக்கும்போதே தாராளமா போகலாம்.

கன்னித்திரை பத்தி கேக்காம இருக்க மாட்டீங்க. அது மூடி போட்டு சீல் வச்ச மாதிரி எல்லாம் இல்ல, ஏற்கனவே வழி இருக்கறதாலதான் பீரியட்ஸ் ரத்தமே வெளிய வருது. நீண்டு கொடுக்கற சவ்வு அது, ஆளுக்கு ஆள் வேற மாதிரி இருக்கும். டேம்பான் வைக்கும்போது சில பேருக்கு லேசா கிழியவும் செய்யலாம், பல பேருக்கு ஒண்ணுமே ஆகாது. ஒரு பொண்ணு யார்கூடயாவது இருந்திருக்காளான்னு எந்த டெஸ்ட் பண்ணாலும் சொல்ல முடியாதுன்னு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018லயே சொல்லிட்டாங்க. அத்தை, சித்தி யாராவது ஏதாவது சொன்னா இத சொல்லுங்க.

ஸ்டெப் 1: சரியானத வாங்குங்க

பக்கத்து மெடிக்கல்ஸ்ல பேடுதான் அடுக்கி வச்சிருப்பாங்க, டேம்பான் பெரிய சூப்பர்மார்க்கெட்லயோ ஆன்லைன்லயோ பாத்தா சுலபமா கிடைக்கும். ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு விரலாலயே தள்ளி வைக்கறது, ஓ.பி.ங்கற பிராண்ட் மாதிரி. ஓ.பி. 1950ல ஜெர்மனில வந்தது, டிசைன் பண்ண யூடித் எஸ்ஸர் ஒரு கைனக் டாக்டர். இன்னொண்ணு அப்ளிகேட்டர் வச்சது, அதாவது ஒரு குழாய்க்குள்ள டேம்பான் இருக்கும், பின்னாடி தள்ளினா உள்ள போயிடும். அமெரிக்க டாக்டர் ஏர்ல் ஹாஸ் 1930கள்ல பேடன்ட் வாங்கின ஐடியா, டாம்பாக்ஸ்ங்கற பிராண்ட் அதுலேர்ந்து வந்ததுதான். முதல் தடவை கை வைக்கவே கூச்சமா இருந்தா வழவழப்பான பிளாஸ்டிக் அப்ளிகேட்டர் ஈஸி, அட்டை அப்ளிகேட்டர் கொஞ்சம் சொரசொரப்பா இருக்கும். என்ன கேட்டா, விரல் வகைய ஒரு தடவை கத்துக்கிட்டா அதான் பெஸ்ட், ஏன்னா எந்த திசைல போகுது, எங்க நிக்குதுன்னு உங்க விரலுக்கே தெரிஞ்சிடும்.

பாக்கெட் மேல சொட்டு சொட்டா படம் போட்டிருக்கும், சொட்டு அதிகமானா உறிஞ்சற அளவும் அதிகம், டேம்பானும் தடிமனா இருக்கும். அமெரிக்க கணக்குல லைட்னா 6 கிராம் வரைக்கும், ரெகுலர்னா 6லேர்ந்து 9, சூப்பர்னா 9லேர்ந்து 12 கிராம் உறிஞ்சும். கல்யாணம் ஆகாதவங்களுக்கு சின்னது, குழந்தை பெத்தவங்களுக்கு பெருசுன்னு எல்லாம் ஒண்ணும் இல்ல, உங்களுக்கு எவ்ளோ ஃப்ளோ போகுதுங்கறதுதான் கணக்கு. புதுசா ஆரம்பிக்கறவங்க மினி இல்லன்னா லைட் வாங்குங்க, எதுவா இருந்தாலும் வேலைக்கு ஆகற சைஸ்லயே சின்னதுதான் சரி. வாசனை போட்டது வேண்டவே வேண்டாம், பாதி பேருக்கு எரிச்சல் வர்றது அதனாலதான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஸ்டெப் 2: நாள் பாத்து வைங்க

நல்ல நாள் இல்ல, நல்லா போற நாள்! நிறைய பேருக்கு அது ரெண்டாவது நாள். ஈரம் இருந்தா வழுக்கிட்டு போகும். பீரியட்ஸே இல்லாத நாள்ல "சும்மா பிராக்டிஸ்"னு வச்சிப் பாக்காதீங்க, காஞ்ச இடத்துல காஞ்ச பஞ்ச தள்ளினா வலிக்காம என்ன பண்ணும். அப்பவும் இறுக்கமா இருக்குன்னா தண்ணில கரையற லூப்ரிகண்ட் ஜெல் மெடிக்கல்ஸ்ல கிடைக்கும், நுனில ஒரு பொட்டு தடவினா போதும். வாஸ்லின், தேங்காண்ணெய் பக்கம் போகாதீங்க. நகம் வெட்டிக்கோங்க, கைய சோப்பு போட்டு கழுவி துடைச்சிட்டு அப்புறம்தான் கவர பிரிக்கணும். ஈரக்கையோட பிரிச்சா டேம்பான் அங்கயே ஊற ஆரம்பிச்சிடும்.

ஸ்டெப் 3: உட்கார்ற விதம்

இந்த விஷயத்துல நம்ம இந்தியன் டாய்லெட்ட அடிச்சிக்க ஆளே இல்ல. குத்தவச்சு உட்கார்ந்தாலே வழி நல்லா திறந்து கொடுக்கும். வெஸ்டர்ன் டாய்லெட்டா இருந்தா கால அகட்டி உட்காருங்க, இல்ல நின்னுக்கிட்டு ஒரு கால கமோட் மேல தூக்கி வைங்க. ரொம்ப பயமா இருந்தா கட்டில்ல பழைய டவல் விரிச்சி முட்டிய மடக்கி படுத்துக்கிட்டு வைங்க, கீழ ஒரு சின்ன கண்ணாடி வச்சி பாத்துக்கோங்க.

பாதி வலி பயத்துனால வர்றது. மனசு பயந்தா அந்த வாசல் தசை தானா இறுகிக்கும், இறுகினா வலிக்கும், வலிச்சா இன்னும் பயம், இன்னும் இறுகும். அதனால அவசரமா ஆபீஸ் கிளம்பற நேரத்துல, யாராவது கதவ தட்டிக்கிட்டு இருக்கும்போதெல்லாம் முதல் தடவை முயற்சி பண்ணாதீங்க. தாடைய தளர்த்துங்க, தோள கீழ விடுங்க, மெதுவா மூச்ச வெளிய விட்டுக்கிட்டே வைங்க. லேசா முக்கினா கூட அந்த தசை இளகி கொடுக்கும்.

ஸ்டெப் 4: உள்ள வைக்கறது

விரல் வகைன்னா நூல இழுத்து விட்டு உறுதியா இருக்கான்னு பாத்துக்கோங்க, அடிப்பக்கம் ஆள்காட்டி விரல் நுனிய வச்சி, இன்னொரு கையால வஜைனா வாசல்ல இருக்கற உதடு மாதிரியான மடிப்ப விலக்கிட்டு, மேல பாத்து இல்லாம பின்னாடி முதுகோட அடிய பாத்து தள்ளுங்க. இந்த ஒரு விஷயம் தெரியாமதான் நிறைய பேர் நேரா மேல குத்தி, எதுலயோ முட்டுது, எனக்கு வழியே இல்ல போலன்னு முடிவு பண்ணிடறாங்க. முட்டினா அழுத்தாதீங்க, கொஞ்சம் வெளிய எடுத்து கோணத்த மாத்தி பாருங்க. விரல் எவ்ளோ தூரம் போகுமோ அவ்ளோ தூரம் தள்ளிட்டு விரல எடுத்துடுங்க. நூல் வெளிய தொங்கிட்டு இருக்கணும்.

அப்ளிகேட்டர்னா, பெரிய குழாய பிடிக்கற இடத்துல பிடிச்சி உங்க விரல் உடம்ப தொடற வரைக்கும் உள்ள விடுங்க. அதுக்கப்புறம்தான் சின்ன குழாய தள்ளணும், அதையும் கடைசி வரைக்கும். பாதில விட்டுட்டா டேம்பான் பாதி குழாய்க்குள்ளயே நிக்கும், வெளிய எடுக்கும்போது கூடவே வந்துடும், இல்லன்னா வாசல்லயே உட்கார்ந்துடும். சின்ன சைஸா மடிச்சி வச்சிருக்கற டைப்ல முதல்ல உள்குழாய வெளிய இழுத்து கிளிக்னு சத்தம் வந்தப்புறம்தான் உபயோகிக்கணும். குழாய் ரெண்டும் வெளிய வந்துடணும், அது உள்ள இருக்கக் கூடாது.

ஸ்டெப் 5: எழுந்து நடந்து பாருங்க

ரெண்டு தடவை உட்கார்ந்து எந்திரிங்க, இருமிப் பாருங்க. ஏதோ உள்ள நிக்கற மாதிரி, உட்கார்ந்தா குத்தற மாதிரி இருந்தா அது கீழயே நின்னுடுச்சுன்னு அர்த்தம். வைக்கும்போது பயந்து பயந்து பாதில விட்டா இதான் ஆகும், பயந்தவங்களுக்குதான் அதிகமா உறுத்தும். கைய கழுவிட்டு விரலால இன்னும் கொஞ்சம் தள்ளி விடுங்க. சரி ஆகலன்னா எடுத்து போட்டுட்டு புதுசா ஒண்ணு வைங்க, வெளிய வந்தத திரும்ப வைக்காதீங்க. ரெண்டு தடவை ட்ரை பண்ணியும் வரலன்னா அன்னிக்கு விட்டுடுங்க, பேட் வச்சிக்கிட்டு அடுத்த நாள் பாக்கலாம், எரிஞ்ச இடத்துலயே திரும்பத் திரும்ப உரசினா வலிதான் கூடும்.

அப்புறம் நம்ம ஊர் பிரச்சனை ஒண்ணு இருக்கு. டிஷ்யூ வச்சி துடைக்கறவங்களுக்கு இது தெரியாது, நாம தண்ணி ஊத்தி கழுவறோம் இல்லையா, நூல் நனைஞ்சிடும், ஈரநூல் தொடைல உரசி அரிக்கும். ஒண்ணுக்கு போகும்போதும் கழுவும்போதும் நூல முன்பக்கமாவோ ஓரமாவோ ஒரு விரலால ஒதுக்கி பிடிச்சிக்கோங்க, முன்னாடிலேர்ந்து பின்னாடி கழுவுங்க, நூல ஒத்தி எடுங்க. நீச்சல் அடிச்சிட்டு வந்தா உடனே மாத்திடுங்க.

ஸ்டெப் 6: வெளிய எடுக்கறது

4லேர்ந்து 8 மணி நேரத்துக்குள்ள மாத்தணும், 8 தாண்டவே கூடாது. அதே மாதிரி குத்தவச்சு உட்கார்ந்து, மூச்ச விட்டுக்கிட்டே, எந்த கோணத்துல உள்ள போச்சோ அதே கோணத்துல, அதாவது கீழயும் கொஞ்சம் முன்னாடியும் நூல மெதுவா இழுங்க. எடுக்கும்போது இழுத்துப் பிடிச்சி எரிஞ்சா, பாதி வெள்ளையாவே வெளிய வந்தா, உங்க ஃப்ளோக்கு அது ரொம்ப அதிகமா உறிஞ்சற சைஸ். காஞ்ச நாக்குல பஞ்சு ஒட்டின மாதிரிதான் இதுவும். நேரம் இன்னும் இருந்தா கொஞ்சம் விட்டு எடுங்க, அடுத்ததுக்கு ஒரு சைஸ் இறக்குங்க, கடைசி நாள்கள்ல பேட் போதும். ஒரு மணி நேரத்துலயே ஊறி லீக் ஆகுதுன்னா ஒரு சைஸ் ஏத்துங்க, அடிக்கடி அப்படி ஆகுதுன்னா டாக்டர்கிட்ட போங்க.

நூல் கைல கிடைக்கலன்னா பதறாதீங்க. குத்தவச்சு உட்கார்ந்து வெளிக்கு போற மாதிரி முக்குங்க, ரெண்டு விரல விட்டு தேடுங்க. வரலன்னா அன்னிக்கே டாக்டர பாருங்க, அவங்களுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை. ட்வீசர், இடுக்கி எதுவும் உள்ள விடாதீங்க. காப்பர்-டி போட்டிருக்கறவங்க டேம்பான் நூல்தான் பிடிச்சிருக்கோமான்னு பாத்து இழுங்க. எடுத்தத பேப்பர்ல சுத்தி குப்பைத்தொட்டில போடுங்க, டாய்லெட்ல போட்டா அடைச்சிக்கும்.

8 மணி நேரம்னு ஏன் இவ்ளோ சொல்றேன்னா, டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம்னு ஒண்ணு இருக்கு. ரொம்ப அபூர்வம், ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்ங்கற பாக்டீரியா விடற விஷத்தால பெரும்பாலும் வருது. 1980ல அமெரிக்கால ரிலைங்கற ரொம்ப அதிகமா உறிஞ்சற டேம்பான இந்த பிரச்சனைக்காகத்தான் கம்பெனியே மார்க்கெட்லேர்ந்து திரும்ப எடுத்துச்சு. டேம்பான் வச்சிருக்கும்போது திடீர்னு 102 டிகிரி கிட்ட காய்ச்சல், வாந்தி, பேதி, தலைசுத்தல், வெயில்ல வெந்த மாதிரி உடம்பு சிவக்கறது இதெல்லாம் வந்தா உடனே எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, டேம்பான் வச்சிருந்தேன்னு வாய விட்டு சொல்லுங்க. ராத்திரி 8 மணி நேரத்துக்கு மேல தூங்கற ஆளுன்னா பேட் வச்சிக்கிட்டே தூங்குங்க. டெலிவரி ஆகி முதல் ஆறு வாரத்துக்கும், வெள்ளைப்படுதலுக்கும் டேம்பான் கூடாது.

எல்லாம் சரியா பண்ணியும் பல மாசமா நுனி கூட உள்ள போகலன்னா, தொட்டாலே தசை கதவ சாத்திக்குதுன்னா, அது வஜைனிஸ்மஸா இருக்கலாம், இல்ல கன்னித்திரைல குறுக்க ஒரு சதைப்பட்டை இருக்கலாம். உள்ள போயிடுது, ஊறினப்புறம் வெளிய வர மாட்டேங்குதுன்னாலும் அந்த பட்டைய சந்தேகப்படலாம், அப்ப பலமா இழுக்காதீங்க. ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு, முதலாவதுக்கு பயிற்சி, பிசியோதெரபி, ரெண்டாவதுக்கு சின்ன ஆபரேஷன். அரிப்பு, நாத்தம், தயிர் மாதிரி வெள்ளைப்படுதல் இருந்தா இன்ஃபெக்ஷனா இருக்கலாம், அது சரியாகற வரைக்கும் பேட்தான். கைனக் டாக்டர்கிட்ட போனா முதல் கேள்வியே "கல்யாணம் ஆயிடுச்சா?"ன்னுதான் வரும், அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சிட்டு விஷயத்த சொல்லாம வந்துடாதீங்க. வைக்கும்போது வலிக்குதா எடுக்கும்போது வலிக்குதா, எந்த சைஸ், எத்தனை மாசமா, இத மொபைல்ல குறிச்சி வச்சிக்கிட்டு அப்படியே படிச்சி காட்டுங்க.